அல்சூருக்கு ஏமாற்றம் கிடையாதாம்!

பதின்பருவத்தின் கசப்பு, புகழின் மீதான வெறுப்பு, புறநகர் வாழ்வின் சலிப்பு ஆகிய மூன்றும் மேற்கத்திய பாப் பாட்டுக்கே உரிய பாடுபொருள்கள் என்றும், தமிழ்ப் பாட்டுக்கு அவை வாய்க்கவில்லை, இனி வாய்க்கப்போவதும் இல்லை என்றும் அல்சூரில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒருவர் கட்டுரை வாசித்தார். வாசித்த கையோடு அச்சடித்தும் கொடுத்தார். பிரதி என் மேசையில் இருக்கிறது. எனவே அவர் சொல்லாத எதையும் அவர் தலையில் கட்ட வேண்டிய தேவை எனக்கில்லை, சொன்னவையே போதும். லார்டின் ‘ராயல்ஸ்’, ஆர்கேட் ஃபயரின் ‘தி சபர்ப்ஸ்’, பிங்க் ஃப்ளாய்டின் சுவர்ப் பாட்டு என்று வரிக்கு வரி பிரித்து மேய்ந்தவர், தமிழ் என்று வந்ததும் காதலில் தோற்றவனின் ‘சூப் பாட்டு’ என ஒற்றை முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். கூட்டத்தில் கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் யுவன் பாட்டைக் கேட்டு அழுது வளர்ந்தவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய முதல் வாதம் நிலத்தைப் பற்றியது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், வெட்டி ஒழுங்குபடுத்திய புல்வெளி, பொழுது சாய்ந்தால் போக்கிடமில்லாத தெரு, எதுவுமே நடக்காத வாழ்க்கை; இவை இருந்தால்தான் விடலைப் பிள்ளைகளுக்குச் சலிப்பு பிறக்கும், சலிப்பு பிறந்தால்தான் அந்த வகைப் பாட்டு பிறக்கும்; நம்மிடம் கிராமம் இருக்கிறது, நகரம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை என்கிறார். மதுரை மாசி வீதியில் நின்று இதைச் சொல்லியிருந்தால்கூட மன்னித்துவிடலாம். பெங்களூரில் நின்று சொல்கிறார்! புறநகர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்தே ஊரான ஊர் இது. 1809இல் வெள்ளைக்காரன் இங்கே தண்டு இறக்கியபோது மதராஸ் படையின் பின்னாலேயே வந்த சிப்பாய்களும் சமையல்காரர்களும் கொத்தனார்களும் வியாபாரிகளும்தானே அல்சூரின் சந்துகளில் தமிழைக் குடியேற்றினார்கள்? 1898 பிளேக்கில் பேட்டை மடிந்தபோது பசவனகுடியும் மல்லேஸ்வரமும் காகிதத்தில் கோடு கிழித்து எழுப்பப்பட்டன. தண்டுப் பக்கம் ஃப்ரேசர் டவுனும் காக்ஸ் டவுனும் ரிச்சர்ட்ஸ் டவுனும் வந்தன. அப்புறம் 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். ஒவ்வொரு ஆலையும் தனக்கென்று குவார்ட்டர்ஸ் கட்டியது, தொழிலாளிகளில் தமிழர்கள் ஏராளம்.

அந்தக் குவார்ட்டர்ஸ் ஒன்றுக்குள்ளாவது நம் கட்டுரையாளர் காலெடுத்து வைத்திருக்கிறாரா? ஒரே சுண்ணாம்பு, ஒரே கதவு, கதவின் மேல் எண். ஷிப்ட் சங்கு ஊதினால் தெரு நிரம்பும், மறுபடி ஊதும்வரை தெரு காலி. பிள்ளை பிறந்ததுமே அவன் பாதை முடிவாகிவிடும்: தொழிற்பயிற்சி படி, அப்ரென்டிஸ் போ, நிரந்தரம் ஆகு, அப்பாவின் மேசைக்குப் பக்கத்து மேசையில் உட்கார். 1991க்குப் பிறகு அந்த வாக்குறுதி ஒவ்வொரு ஆலையாகக் காற்றில் கரைந்தது; எச்.எம்.டி.யின் கைக்கடிகார நிறுவனத்தை மூடிவிட 2016இல் மத்திய அரசே முடிவெடுத்தது. நாட்டுக்கே நேரம் சொன்ன ஆலையின் காலம் முடிந்ததைத் தகப்பன் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்ட பதினேழு வயதுப் பையனுக்கு வந்த கசப்பு, ஆக்லாந்தின் வடகரையில் கடற்காற்று வாங்கிக்கொண்டிருந்த லார்ட் என்ற பெண்ணுக்கு வந்த கசப்பைவிட எந்த விதத்தில் மட்டம்? அவளுக்கு ‘எதுவும் நடக்கவில்லை’ என்ற சலிப்பு. இவனுக்கு ‘நடக்கும் என்றார்களே’ என்ற கேள்வி. ஏமாற்றம் என்ற சொல் இவ்விருவரில் யாருக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

‘சரி, வாழ்க்கை இருக்கிறது, பாட்டு எங்கே?’ என்று அவர் திருப்பிக் கேட்கலாம். 2004 அக்டோபர் 15இல் வெளிவந்த ‘7ஜி ரெயின்போ காலனி’யை ஓரிடத்தில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகிறாரே, அதை அவர் பார்க்கவில்லையா, பார்த்துவிட்டு மறைக்கிறாரா? செல்வராகவன் படம், 25 வயது யுவன் சங்கர் ராஜாவின் இசை, பாடல்கள் முழுவதும் ஒரே கை. படத்தின் பெயரே ஒரு முகவரி. நாயகனுக்குப் படிப்பு ஏறவில்லை, வேலை இல்லை, தன்னைப் பற்றி நல்லதாக நினைக்க அவனுக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் வாழ்வது நெருக்கியடித்த அடுக்குக் குடியிருப்பு. இங்கேதான் நம் கட்டுரையாளரின் புல்வெளிக் கோட்பாடு தவிடுபொடியாகிறது. அமெரிக்கப் புறநகர்ப் பாட்டின் துக்கம் இடைவெளியால் வருவது. வீட்டுக்கும் வீட்டுக்கும் தூரம், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் தூரம். நம் காலனிப் பாட்டின் துக்கம் இடைவெளியே இல்லாததால் வருவது. அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அப்பா திட்டினால் மாடிப்படி முழுக்கத் தெரியும். அந்தப் படத்தில் வேலை கிடைத்த செய்தியோடு வரும் மகனை முகத்துக்கு நேரே கடிந்துகொண்ட தகப்பன், இரவில் மனைவியிடம் அவனைப் பற்றிப் பெருமை பேசி உடைந்துபோகிறார். பிள்ளை மறைவிலிருந்து கேட்கிறான். சுவர் தடிமனாக இருந்திருந்தால் அந்த அன்பு அவன் காதுக்கு வந்தே இருக்காது. இப்படிப்பட்ட வீட்டில் வளர்கிறவனுக்குப் பாட்டு ஒரு மொட்டைமாடி; தனியாக இருக்கக் கிடைக்கிற ஒரே இடம். ‘கனா காணும் காலங்கள்’ ஏன் அவ்வளவு தாழ்ந்த குரலில் ஒலிக்கிறது, ‘நினைத்து நினைத்துப் பார்த்தேன்’ ஏன் ஆண் குரலில் ஒருமுறையும் பெண் குரலில் ஒருமுறையும் அதே மெட்டில் வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால்கூட அவருக்கு விடை கிடைத்திருக்கும். யோசிக்க அவருக்கு எதற்கு அவகாசம்? ‘தி சபர்ப்ஸ்’ பிறக்கக் காரணமான, டெக்சாஸின் உட்லண்ட்ஸ் என்ற புறநகரின் தெரு அமைப்பை விளக்கவே இரண்டு பக்கம் போய்விட்டது.

அல்சூரைப் பற்றி அவர் எழுதியது ஒரு வாக்கியம்: ‘ஏரிக்கரைத் தமிழ் இளைஞனுக்கு வறுமை உண்டு, ஏமாற்றம் கிடையாது, ஏமாற எதிர்பார்ப்பு வேண்டும்.’ கட்டுரையிலேயே மிகத் திமிரான வாக்கியம் இதுதான். இதற்குச் சற்று நின்றே பதில் சொல்ல வேண்டும். அந்த ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991இல் நிறுவிய சிலை 2009 ஆகஸ்ட் 9இல்தான் திறக்கப்பட்டது. சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையைத் திறக்க ஒப்புக்கொண்டு, இரண்டு மாநில முதல்வர்களும் பேசி முடித்து, கருணாநிதியும் எடியூரப்பாவும் வந்து திறந்துவைத்தார்கள். இடைப்பட்ட 18 ஆண்டுகளும் வள்ளுவர் மூடிய துணிக்குள் நின்றார். 1991இல் அல்சூரில் பிறந்த பிள்ளை பள்ளிக்குப் போய், மீசை அரும்பி, வாக்களிக்கும் வயதை அடையும்வரை தன் வீட்டு அருகில் நிற்கும் கவிஞனின் முகத்தைப் பார்த்ததில்லை. அதே 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டித் தமிழர் தெருக்கள் எரிந்தன. 2000இல் வீரப்பன் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டு போன மாதங்களில் தமிழில் சத்தமாகப் பேசவே தயங்கினோம். 2016 செப்டம்பர் 12இல் மறுபடி காவிரிக்காகப் பேருந்துகள் கொழுந்துவிட்டு எரிந்தபோது, எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பையன் கைப்பேசியின் அழைப்புப் பாட்டை அணைத்துவிட்டு அதே பாட்டை இயர்போனில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறந்து வளர்ந்த ஊர் தன்னுடையதுதான் என்ற எதிர்பார்ப்பு அவனுக்கு இருந்தது ஐயா. அதைவிடப் பெரிய எதிர்பார்ப்பு எது? இதெல்லாம் அறியாதவர் அல்ல நம் கட்டுரையாளர், இதே ஊரில் வளர்ந்தவர். அறிந்தும் எழுதாமல் விடுவதை அறியாமை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வாதம் குரலைப் பற்றியது. மேற்கத்தியப் பாட்டில் பதின்பருவத்தவரே தம் அனுபவத்தை எழுதிப் பாடுகிறார்கள். தமிழிலோ சம்பளத்துக்கு எழுதும் வயதுவந்த கவிஞர், யாரோ போட்ட மெட்டுக்கு, யாரோ சொன்ன காட்சிக்கு எழுதுகிறார், ஆகவே அது போலி என்பது வாதம். கேட்கத் தர்க்கம் போலவே இருக்கிறது. அவருடைய சாட்சிகளையே கூண்டில் ஏற்றுவோம். லார்டை யுனிவர்சல் நிறுவனம் 13 வயதிலேயே ஒப்பந்தம் செய்து வளர்த்தெடுத்தது. ‘ராயல்ஸ்’ பாட்டை அவரோடு சேர்ந்து எழுதித் தயாரித்தவர் ஜோயல் லிட்டில், அப்போது அவருக்கு 29 வயது. ‘7ஜி’ வெளிவந்தபோது அதன் பாடலாசிரியருக்கும் 29 வயதுதான். ஆக்லாந்தில் 29 என்றால் உண்மைக் குரல், கோடம்பாக்கத்தில் 29 என்றால் போலிக் குரலா? ‘தி சபர்ப்ஸ்’ 2010இல் வந்தபோது ஆர்கேட் ஃபயரின் வின் பட்லருக்கு 30. பள்ளிக்கூடத்தைச் சபித்துப் பிங்க் ஃப்ளாய்டு 1979இல் வெளியிட்ட பாட்டை எழுதிய ரோஜர் வாட்டர்ஸுக்கு 36. பள்ளிப் பிள்ளைகள் வந்து கோரஸ் மட்டும் பாடிக் கொடுத்தார்கள். ஒரே அச்சிலான புறநகர் வீடுகளைக் கிண்டல் செய்த ‘லிட்டில் பாக்ஸஸ்’ பாட்டை மால்வினா ரெனால்ட்ஸ் 1962இல் எழுதினார். அந்த அம்மையார் பிறந்தது 1900இல்! கட்டுரையாளரின் விதிப்படி பார்த்தால் அவர் கொண்டாடும் பட்டியலில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போக வேண்டும். விதி தமிழுக்கு மட்டும் என்றால் அதை முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாமே.

இதைவிட எனக்கு ஆத்திரம் தருவது வேறு. சொல்பவரும் எழுதியவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று தமிழில் படித்த ஒருவர் எப்படிக் கேட்க முடியும்? அகப்பாட்டில் தலைவன், தலைவி, தோழி, செவிலி பேசுவார்கள்; கபிலரும் பேச மாட்டார், ஓதலாந்தையாரும் பேச மாட்டார். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லவே கூடாது என்று தொல்காப்பியம் வரம்பு கட்டியிருக்கிறது. வேறொருவர் நெஞ்சுக்குள் நுழைந்து, அவர் வாயால் பேசுவதைத்தான் இரண்டாயிரம் ஆண்டாக நாம் கவிதை என்று சொல்லி வந்திருக்கிறோம். திருமங்கையாழ்வார் பெண்ணாகி மடலேறத் துணிந்தார். அவரைப் போலி என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை. மெட்டுக்கு எழுதுவது இழிவு என்றால் காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரும் நொண்டிச்சிந்து பாடிய பாரதியும் அந்த இழிவில் சேர்த்தியா? இருந்த மெட்டுக்குள் இல்லாத வாழ்க்கையைக் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் அந்தத் தொழிலின் திறமை. எந்தப் பாட்டையும் தாளில் மட்டும் படித்துப் பொருள் சொல்கிறவருக்கு அது பிடிபடாது. அவர் கட்டுரை முழுவதிலும் ஒரு ராகமோ, ஒரு தாளமோ, ஒரு பாடகரின் மூச்சோ பேசப்படவில்லை. பாட்டைப் பற்றிய கட்டுரையாம்!

மூன்றாவதாகக் ‘கொலவெறி’யை இழுக்கிறார். 2011 நவம்பர் 16இல் அந்தப் பாட்டு யூடியூபில் வந்தபோது அல்சூருக்கு மெட்ரோ வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எம்.ஜி. ரோட்டிலிருந்து பையப்பனஹள்ளி வரை ஓடிய அந்த மூன்று பெட்டி வண்டியில் ஒவ்வொரு கைப்பேசியிலும் அதுதான். எழுதிப் பாடியவர் தனுஷ், இசையமைத்த அனிருத்துக்கு 21 வயது. அர்த்தமில்லாத சொற்களின் குவியல், தற்செயலாகப் பரவிய தொற்று, தன்னிரக்கத்தின் கடைசிப் படி என்று கட்டுரையாளர் மூன்று வசை வைக்கிறார். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அன்றைக்கே அந்தச் சொற்களை ரசனைக்கு நேர்ந்த அவமானம் என்ற தொனியில் சாடினார். அவராவது தன் சொந்த அபிப்பிராயத்தைச் சொன்னார். இவர் பத்தாண்டு கழித்து அதை இரவல் வாங்குகிறார்.

அர்த்தம் இல்லையா? ஆங்கில மீடியத்தில் சேர்த்துவிட்டு, அந்த மொழி வாய்க்குள் நுழையாமல் பள்ளியை விட்டு வெளியே வந்த ஒருவன், தன்னை மதிக்காத பெண்ணிடம், அவள் மதிக்கும் மொழியில் பேச முயல்கிறான். கிடைத்தவை பெரும்பாலும் தனித்தனிப் பெயர்ச்சொற்கள். வினை எப்போதாவது வருகிறது, வாக்கியம் தடுமாறுகிறது. நிலா, இரவு, தோலின் நிறம் என்று பொருள்களை அடுக்குகிறான். வெள்ளைத் தோலுக்குள் கறுத்த நெஞ்சு என்று ஒரு கணக்கு போடுகிறான். கறுப்பாகப் பிறந்து, இங்கிலீஷ் வராமல், காதலில் தோற்றவனின் மூன்று காயங்களும் அந்தப் பாட்டில் ஒன்றாகக் கிடக்கின்றன. குடித்தவன் உளறல் என்கிற பாவனை அவற்றை வெளியே சொல்ல அவன் போட்டுக்கொண்ட வேடம். கர்ட் கொபெய்ன் 1991இல் சொற்களை மென்று துப்பிப் பாடியபோது அதை ஒரு தலைமுறையின் மௌனம் என்று எழுதித் தள்ளினார்களே, அந்தப் பாட்டின் தலைப்பே ஒரு டியோடரண்டின் பெயரிலிருந்து வந்தது என்பதைக்கூட ரசித்துக் குறிப்பிடுகிறாரே நம் கட்டுரையாளர். சியாட்டிலில் உளறினால் அது தத்துவம், தேனாம்பேட்டையில் உளறினால் அது உளறலா?

தன்னிரக்கம் என்ற வசைக்கும் நம் மரபிலேயே பதில் இருக்கிறது. கைகூடாத காமத்தில் தலைவன் பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூ மாலை சூடி, ஊர்த்தெருவில் வருவேன் என்று மிரட்டுவான். மடலேறுதல் என்று அதற்குத் துறையே வகுத்திருக்கிறார்கள். தன் அவமானத்தைத் தானே காட்சியாக்கி ஊரின் நடுவில் வைப்பது, வெட்கத்தை விட்டுவிட்டதால் கிடைக்கும் பலத்தைக் கொண்டு ஊரைத் திரும்பிப் பார்க்கவைப்பது. ‘சூப் பாய்’ செய்வது இதையேதான். அந்த மிரட்டலில் ஒரு வன்முறை இருக்கிறது என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அதனால்தான் மடலூர்தலைப் பெருந்திணைப் பக்கம் தள்ளி வைத்தார்கள்.

கட்டுரையாளரின் ஒரே ஒரு நியாயமான குற்றச்சாட்டு இந்த இடத்தில்தான் வருகிறது. இந்தப் பாட்டுகளில் பெண் குற்றவாளியாக்கப்படுகிறாள், பின்தொடர்வது காதலாகக் காட்டப்படுகிறது என்கிறார். உண்மை. ‘7ஜி’ நாயகன் அந்தப் பெண்ணைத் துரத்தும் விதத்தை இன்றைக்கு ஒரு தகப்பனாக உட்கார்ந்து பார்த்தால் வயிறு கலங்குகிறது. ‘கொலவெறி’ வந்த பிறகு வரிசையாக வந்த பெண்பழிப்புப் பாட்டுகளில் பல குப்பை. இதை அவர் விரிவாக எழுதியிருந்தால் நானும் கூடவே நின்றிருப்பேன். ஆனால் ஒரே பத்தியில் சொல்லிவிட்டுத் தமிழ்ப் பாட்டையே நிராகரிக்க அதைக் கருவியாக்கிக் கொள்கிறார். பீட்டில்ஸ் 1965இல் ‘ரன் ஃபார் யுவர் லைஃப்’ என்று காதலிக்குக் கொலை மிரட்டல் விடுத்துப் பாடினார்கள்; அதை எழுதியதற்காக லெனனே பின்னாளில் வருந்தினார். அந்த இசைத்தட்டைக் கட்டுரையாளர் அடிக்குறிப்பில் ‘மேதைமையின் உச்சம்’ என்று புகழ்கிறார். பெண்கள் மீதான அக்கறை கடல் தாண்டினால் தீர்ந்துவிடுமா? அக்கறை என்றால் இரண்டு இடத்திலும் வலிக்க வேண்டும்.

கடைசி வாதம் புகழ். இதுதான் அவருக்கு மிகப் பிடித்தமானது. ‘ராயல்ஸ்’ புகழையும் ஆடம்பரத்தையும் நிராகரித்தது, அப்படி நிராகரித்தே 2013இல் அமெரிக்கப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது, 2014இல் கிராமி வாங்கியது. இந்த அழகிய முரண் தமிழுக்கு எட்டாத உயரம் என்கிறார். அதே 2013 அக்டோபரில் அமெரிக்கப் பெண்ணியவாதிகள் சிலர் அந்தப் பாட்டை நோக்கி எழுப்பிய கேள்வியை அவர் ஏன் விழுங்கிவிட்டார்? தங்கப் பல், விலையுயர்ந்த மது, வைரம் என்று பாட்டு கேலி செய்யும் பட்டியல் பெரும்பாலும் கறுப்பின ராப் பாடகர்களின் அடையாளம். தலைமுறை தலைமுறையாக எதுவும் இல்லாமல் இருந்தவர்கள் முதன்முறையாகப் போட்டுக்கொண்ட தங்கத்தைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்வது யார், எந்த இடத்தில் இருந்து சொல்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை முழுவதும் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 15 வயதுப் பெண் வீட்டில் உட்கார்ந்து எழுதிய பாட்டின் மீது அவ்வளவு பாரத்தை ஏற்ற முடியாது. ஆனால் புகழைப் பற்றிப் பேச வந்தவர் அதைத் தெரிந்தும் ஒளிப்பது எதற்காக? ஒளிக்காவிட்டால், புகழை வெறுக்க முதலில் புகழ் கிடைத்திருக்க வேண்டும் என்கிற எளிய உண்மை வெளியே வந்துவிடும்.

அந்த உண்மை தமிழில் எப்படி இருக்கும் என்பதற்குச் சாட்சி 2021 மார்ச் 7இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’. எழுதிப் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர். சென்னையின் புறநகர் மின்ரயில் போய்ச் சேரும் ஊர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. பாட்டு உலகம் முழுக்கப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அந்தப் பாட்டையும் ‘நீயே ஒளி’யையும் கொண்டாடி அட்டைப்படம் போட்டது. பாடகி தீ இருந்தார், ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார்; இரண்டு பாட்டிலும் எழுத்தாக இருந்த அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பொதுவெளியில் கேட்ட பிறகே அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அவர் இல்லாமலே பாட்டு ஒலித்தது. பாட்டு யாருடையது என்ற சச்சரவு அதோடு வெடித்தது. 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், மூன்று ஆண்டாகியும் அந்தப் பாட்டால் ஒரு காசு வரவில்லை என்று காணொளியில் சொன்னார். ஆக, நம் பிள்ளைகளுக்குப் புகழ் என்பது சலித்துப்போய்த் தூக்கிப் போடும் பொருளே இல்லை. கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பிறகும் தன் பெயரை அச்சில் ஏற்ற இன்னொருவர் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் புகழ் கற்றுத் தந்த பாடம். இந்தக் கசப்பை ‘ராயல்ஸ்’ அறியாது. அறியாததற்காக நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதை அறிந்த பாட்டுகளைக் குறைவானவை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

பெங்களூரிலேயே ஒரு சான்று இருந்தது. ப்ரோதா வி, ஸ்மோக்கி தி கோஸ்ட் முதலியோர் சேர்ந்து ‘மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்’ என்று குழு வைத்தார்கள். நம் தெருவில் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்லை அமெரிக்க ராப் குழு ஒன்றின் பெயரோடு முட்டவிட்ட பெயர். ப்ரோதா வி 2012இல் ‘ஆத்ம ராமா’வில் வழிதவறிய இளமையை ராம பஜனையோடு சேர்த்து ஆங்கிலத்தில் ராப் பாடினார். பதின்பருவம், ஏமாற்றம், பெயர் வாங்கும் ஆசை எல்லாம் அதில் இருக்கின்றன. கட்டுரையாளரின் வீட்டுக்குச் சில கிலோமீட்டரில் நடந்தது. ஒரு சொல்கூட இல்லை.

ஏன் இல்லை? இந்தக் கட்டுரை யாருக்காக எழுதப்பட்டது என்று பார்த்தால் புரியும். அல்சூரிலிருந்து இந்திராநகர் நூறடி ரோட்டுக்கு நடந்தே போகலாம். அங்கே இரவு மதுக்கூடங்களில் மேற்கத்தியப் பாட்டு ஒலிக்கிறது. மேசை துடைக்கவும் வண்டி நிறுத்தவும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கவும் அல்சூர், மர்பி டவுன், ஜோகுபாளையம் பையன்கள் போகிறார்கள். மேசையில் உட்கார்ந்திருப்பவரும் மேசை துடைப்பவரும் ஒரே வயதில் ஒரே துக்கத்தைப் பட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், உட்கார்ந்திருப்பவரின் ரசனைக்கு உள்ள தனி மதிப்பு போய்விடும். நம் கட்டுரையாளர் சந்துக்குள் பிறந்து, வாயிற்காவலர் நிற்கும் குடியிருப்புக்குக் குடிபோனவர். போனதில் தவறே இல்லை, உழைத்துப் போனார். ஆனால் விட்டு வந்த சந்துக்கு உள்வாழ்வே கிடையாது என்று நிறுவினால்தான் போன இடம் உயரமாகத் தெரியும் என்று அவர் நினைக்கிறார். அதற்கு லார்டைத் துணைக்கு அழைத்திருக்கிறார். பாவம், அந்தப் பெண் தன் புறநகரை வெறுத்து எழுதவில்லை. பேருந்தில் போகும் தன் நண்பர்களோடு சேர்ந்து நின்று எழுதினார். தான் கொண்டாடும் பாட்டையே அவர் புரிந்துகொள்ளவில்லை.

கடைசியாக ஒன்று. அவருடைய கட்டுரையில் ஜோயல் லிட்டிலின் பெயர் இருக்கிறது, வின் பட்லரின் தம்பி பெயர்கூட இருக்கிறது. ‘7ஜி’ பாடல்களைக் குறிப்பிடும் ஒரே இடத்தில் ‘அதன் பாடலாசிரியர்’ என்று மட்டும் இருக்கிறது. அட்டையில் அறிவின் முகத்தை விட்டுவிட்ட இதழ் கண்டனம் எழுந்ததும் திருத்திக்கொண்டது. இவரும் திருத்திக்கொள்ளலாம். அந்தப் பாடலாசிரியரின் பெயர் நா. முத்துக்குமார், காஞ்சிபுரத்தை அடுத்த கன்னிகாபுரத்தில் 1975இல் பிறந்தவர், இரண்டு முறை தேசிய விருது பெற்றவர், 2016 ஆகஸ்ட் 14இல் 41 வயதில் இறந்தவர். தனக்காகப் பதில் எழுத அவர் இல்லை. கட்டுரையின் அடுத்த பதிப்பில் அவர் பெயர் முழுதாக அச்சாக வேண்டும். அதுவரை அந்தத் தாள்களை ஆய்வு என்று யாரும் அழைக்க வேண்டாம்.